அப்பாவோட அரசியல் பித்து நமக்கும் வந்தா, கட்சியும் கூடவே வரணுமா?

கேள்விய சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். உங்க அப்பா வாழ்நாள் பூரா அரசியல் பேசினவரு, போன வருஷம் தவறிட்டாரு, பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பேப்பர் கட்டிங், தேர்தல் நோட்டீஸ், டைரி எல்லாம் கிடக்கு. அதைப் படிக்கப் படிக்க உங்களுக்கும் அந்தப் பித்து பிடிச்சுக்கிச்சு. ஆனா அவரோட கட்சி மேல உங்களுக்குப் பெரிய அபிப்ராயம் இல்லை, அது அவருக்குத் துரோகம் பண்ற மாதிரி உறுத்துது, அந்தப் பெட்டிய என்ன செய்றது, இந்த ஆர்வத்தை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க.

துரோகம்லாம் ஒண்ணும் இல்லைங்க. பெட்டிய எடுத்துக்குங்க, கட்சி வேணாம்னா விட்டுடுங்க. நான் ஒரு டெய்லரோட பொண்ணு, இப்ப கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், தேர்தலுக்குத் தேர்தல் டூட்டி போடுறாங்க, இதே மாதிரி ஒரு சொத்து எனக்கும் வந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எங்க ஊரு திருச்சி மாவட்டம், துவரங்குறிச்சி பக்கம். அப்பா 1949ல பிறந்தவரு. பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ல ஜென்ட்ஸ் டெய்லர் கடை, ரெண்டு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், தினத்தந்தி, முரசொலி. டீக்கடை பெஞ்ச்ல பொம்பளப் புள்ளைங்க உக்கார முடியாது, ஆனா அப்பன் கடையில பட்டன் தைக்கிறேன்னு உக்காந்துக்கலாம், அப்படித்தான் நான் அரசியல் கேட்டது. சுத்துப்பட்டு ஊர்லேருந்து பஸ் ஏறி வர்றவங்க துணி கொடுக்க வருவாங்க, அளவு எடுக்கும்போது ரெண்டு நிமிஷம் ஆடாம அசையாம நின்னே ஆகணும் இல்லையா, அந்த ரெண்டு நிமிஷத்துல அப்பா "உங்க ஊர்ல எப்படி காத்து?"ன்னு கேட்டுருவாரு. கழுத்துல டேப் இருக்கிறப்ப எவனும் பொய் சொல்ல மாட்டான்னு சொல்லுவாரு. அவரு எடுத்த கருத்துக்கணிப்பு பாதி தப்பாத்தான் போச்சு, அது வேற விஷயம். அளவு நோட்டு இருக்கும்ல, நீளம், நெஞ்சு, இடுப்பு, தோள்னு கட்டம் போட்டது, அதையே பின்னாடியிலேருந்து திருப்பினா தேர்தல் கணக்கு.

அவரு தி.மு.க.காரரு, ஒளிவு மறைவு கிடையாது. 1967ல அவருக்குப் பதினெட்டு வயசு. அப்ப ஓட்டு போட இருபத்தொண்ணு ஆகணும், 1989லதான் பதினெட்டா குறைச்சாங்க. ஓட்டே இல்லாத பய சுவர் சுவரா காவி அடிச்சு உதயசூரியன் வரைஞ்சிருக்காரு, "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு கத்திக்கிட்டு சைக்கிள்ல சுத்தியிருக்காரு. அந்த ஜனவரி 12ஆம் தேதிதான் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டது, கழுத்துல கட்டோட எம்.ஜி.ஆர். இருக்கிற போஸ்டரை ஒட்டினதை சொல்லும்போது அறுபது வயசுலயும் அவருக்குக் குரல் மாறும். விருதுநகர்ல காமராஜரையே சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர் தோக்கடிச்சாரு. அதை மட்டும் அப்பா எப்பவுமே சந்தோஷமா சொன்னதில்லை, "அது நடந்திருக்க வேணாம்"னு அடுத்த துணிய எடுத்து வெட்ட ஆரம்பிச்சுடுவாரு.

இதெல்லாம் கதை. எல்லா வீட்லயும் இப்படி ஒரு கதை இருக்கும், உங்க அப்பா டைரிலயும் இருக்கும். ஆனா எனக்கு அவரு கொடுத்த சொத்து இது இல்லை, அளவு நோட்டோட பின்பக்கம்தான்.

ஒரு எட்டாம் கிளாஸ் படிக்கிறப்பன்னு நினைக்கிறேன், அண்ணா ஜெயிச்சது பெரிய அலைல்லப்பான்னு நான் ஏதோ பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கிட்டு இருந்தேன், அப்பா சாக்கட்டிய எடுத்து கட்டிங் டேபிள் மேலயே எழுதினாரு. 1967, காங்கிரஸ் 41 சதவீதம், தி.மு.க. 40 சொச்சம். யாரு ஜாஸ்தின்னு கேட்டாரு. காங்கிரஸ்னேன். சீட்டு எவ்ளோன்னு அடுத்த வரி எழுதினாரு, காங்கிரஸ் 51, தி.மு.க. 137. சில பேரு 138ம்பாங்க, தேர்தல் கமிஷன் ரிப்போர்ட்ல 137தான், இதுக்காக கடையில சண்டையே நடந்திருக்கு. ஓட்டு கம்மியா வாங்கினவங்க எப்படி ரெண்டரை மடங்குக்கு மேல சீட்டு வாங்கினாங்க? காங்கிரஸ் ஏறக்குறைய எல்லா தொகுதியிலயும் நின்னுச்சு, 232. தி.மு.க. 174லதான் நின்னுச்சு, மிச்சத்தை ராஜாஜியோட சுதந்திரா கட்சிக்கும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுக்கும் மத்தவங்களுக்கும் விட்டுக்கொடுத்து காங்கிரஸுக்கு எதிரான ஓட்டு சிதறாம பார்த்துக்கிச்சு. அண்ணா பேச்சுல மயங்கி அரசியலுக்கு வந்த மனுஷன், மக கிட்ட பேச்சப் பத்தி சொல்லாம பெருக்கல் வகுத்தல் சொல்லிக் கொடுக்கிறாரு. நான் அந்தப் பேச்சுப்போட்டில தோத்தேன், ஜட்ஜுங்களுக்கு சதவீதம் பிடிக்கல.

அதுக்கப்புறம் நோட்ட நானே புரட்ட ஆரம்பிச்சேன். 1977ல அ.தி.மு.க.வுக்கு 30 சதவீதம், 130 சீட்டு, ஏன்னா தி.மு.க., காங்கிரஸ், ஜனதா எல்லாம் தனித்தனியா நின்னு நாலுமுனைப் போட்டி. 1989ல தி.மு.க.வுக்கு 33 சதவீதம், 150 சீட்டு, ஏன்னா எம்.ஜி.ஆர். செத்துப்போயி கட்சி ரெண்டா உடைஞ்சு ஜெயலலிதா சேவல்லயும் ஜானகி இரட்டைப்புறாலயும் நின்னாங்க, காங்கிரஸ் வேற தனியா. ரெண்டே வருஷம், 1991ல அதே தி.மு.க.வுக்கு 22 சதவீதம், சீட்டு எவ்ளோ தெரியுமா, 2. நூத்துல இருபத்திரெண்டு பேரு போட்டும் 234ல ரெண்டு. எதிர்ல அ.தி.மு.க.வும் காங்கிரசும் ஒண்ணா நின்னுச்சு, மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்திய கொன்னதுக்கு அப்புறம் நடந்த தேர்தல். அலை, சூறாவளின்னு பேப்பர்ல வர்ற வார்த்தையெல்லாம் பாதி இந்தக் கணக்குதான்.

அந்த 1991 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பன்னெண்டு வயசு. ராஜீவ் செத்த ராத்திரிக்கு அப்புறம் பல ஊர்ல தி.மு.க.காரங்க வீடு, கொடிக்கம்பம்லாம் அடிபட்டுச்சு. கடையில தைச்சு அடுக்கி வச்ச கொடி கட்டுக்கட்டா இருந்துச்சு, அப்பா அதை எல்லாம் சாக்குல கட்டி பரண்ல போட்டு மேல வெறகு அடுக்கினாரு, நாலு நாள் கடை தொறக்கல. ஜூன்ல ரிசல்ட் வந்தப்ப ரேடியோ பக்கத்துல அளவு நோட்டோட உக்காந்தவரு, தி.மு.க. கட்டத்துல 2னு எழுதினாரு. 1989ல 150ன்னு எழுதின அதே கட்டம், அதே அளவு எழுத்து, கீழ கோடு கூட போட்டிருந்தாரு. அம்மாதான் "சாப்புட வாங்க, அதான் ரெண்டு வந்துருக்குல்ல"ன்னாங்க.

அம்மாவ பத்தி சொல்லாம விட்டா தப்பு. அம்மா கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து இரட்டை இலை. எம்.ஜி.ஆருக்காக ஆரம்பிச்சது, ஒரு மேடைப் பேச்சும் கேட்டதில்லை, ஒரு பேப்பரும் படிச்சதில்லை, அப்பா ஊருக்கெல்லாம் சூரியனுக்குப் பிரச்சாரம் பண்ணிட்டு வீட்டுக்கு வருவாரு, அம்மா கூடவே வந்து அமைதியா இலைக்குப் போட்டுட்டு வருவாங்க. "நம்ம வீட்ல எப்பவும் டை"ன்னு அப்பா சிரிப்பாரு. அதனால பெட்டிய பார்த்து அப்பாவோட அரசியல்தான் வீட்டோட அரசியல்னு முடிவு பண்ணிடாதீங்க, உங்க அம்மா இருக்காங்கன்னா முதல்ல அவங்ககிட்ட போயி உக்காருங்க. பெட்டில இல்லாதது நிறைய வரும்.

கொடி விஷயம் ஒண்ணு. தி.மு.க. கொடி மேல கறுப்பு கீழ சிவப்பு, அ.தி.மு.க. கொடியும் அதே கறுப்பு சிவப்பு, நடுவுல வெள்ளையில அண்ணா கை நீட்டிக்கிட்டு இருப்பாரு. எங்க அப்பா ரெண்டுக்கும் தைப்பாரு. "துணி ஒண்ணுதான் பாப்பா, நடுவுல அண்ணா இருந்தா அங்க போகும், இல்லாட்டி இங்க போகும்"பாரு. ஒரு தேர்தல்ல தைச்ச கூலி வரவே இல்லை, எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன், அவரு நோட்டுல பாக்கின்னு எழுதி வச்சது இன்னும் அப்படியே இருக்கு.

எங்க தொகுதி அப்ப மருங்காபுரி. இப்ப அந்தப் பேர்ல தொகுதியே இல்லை, 2008 மறுசீரமைப்புல போயிடுச்சு, 2011லேருந்து நாங்க மணப்பாறைக்குள்ள. ஆனா 1989 மார்ச்ல ஒரு மாசம் தமிழ்நாடே எங்க ஊரப் பார்த்துச்சு. ஜனவரில பொதுத்தேர்தல் நடந்தப்ப மருங்காபுரி, மதுரை கிழக்கு ரெண்டுலயும் தேர்தல் தள்ளிப்போச்சு, அதுக்குள்ள உடைஞ்ச அ.தி.மு.க. ஒண்ணு சேந்துடுச்சு, முடக்கி வச்சிருந்த இரட்டை இலை திரும்பக் கிடைச்சுடுச்சு. இந்தப் பக்கம் கலைஞர் பதிமூணு வருஷம் கழிச்சு ஆட்சிக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அம்பாசிடர் காரா வந்து எங்க கடை எதிர்ல புழுதி கிளப்புச்சு, அப்பா ராப்பகலா கொடி தைச்சாரு, ஆளுங்கட்சி எப்படியும் ஜெயிச்சுடும்னு ஊரே சொல்லுது. மார்ச் 11 ஓட்டுப்பதிவு. ரெண்டு தொகுதியும் இலைக்குப் போச்சு. எனக்கு அப்ப பத்து வயசு, அம்மா அன்னிக்கு கேசரி கிண்டினாங்க, ஏன்னு அப்பா கேக்கல, சாப்புட்டாரு. ஜனவரில பிரிஞ்சு கிடந்த ஓட்டு மார்ச்ல ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு ஊருக்கு முன்னாடி தெரிஞ்சது எங்க தொகுதிலதான், 1991 ரிசல்டோட டிரெய்லர் மாதிரி. இன்னிக்கு யாரு கேட்டாலும் மருங்காபுரின்னா அது எங்க இருக்குன்னுதான் கேப்பாங்க.

இப்ப உங்க கேள்வியோட உறுத்துற பகுதிக்கு வர்றேன். இது உங்களுக்கு மட்டும் நடக்கிறது இல்லை. அமெரிக்காவுல ஜென்னிங்ஸ், நியமின்னு ரெண்டு பேரு 1965ல ஹைஸ்கூல் கடைசி வருஷப் பசங்களையும் அவங்க அப்பா அம்மாவையும் தனித்தனியா கேட்டு ஒப்பிட்டாங்க. கட்சிப் பிடிப்பு ஓரளவு பிள்ளைங்களுக்கு இறங்குது, ஆனா குறிப்பிட்ட பிரச்சினைகள்ல கருத்து அவ்வளவா இறங்கலைன்னு வந்துச்சு. பின்னாடி எலியாஸ் டினாஸ்னு ஒரு ஆய்வாளர் இன்னொண்ணு சொன்னாரு, அரசியல் ஜாஸ்தி பேசுற வீட்டுப் பிள்ளைங்க சின்ன வயசுல அப்பா அம்மா கட்சியையே பிடிச்சுக்குவாங்க, ஆனா வீட்ட விட்டு வெளிய போயி நாலு பேரோட பேச ஆரம்பிச்சதும் அதை விட்டு நகர்றதும் அவங்கதான் ஜாஸ்தின்னு. எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்புத்தான் வந்துச்சு. பேசப் பழக்கிவிட்டது அவங்க, அப்புறம் எதிர்த்துப் பேசுறான்னு வருத்தப்பட்டா எப்படி? அங்க ரெண்டு கட்சி, இங்க கூட்டணி தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அதனால அதை அப்படியே இங்க பொருத்த முடியாது, இருந்தாலும் என் விஷயத்துல அச்சு அசலா அதுதான் நடந்துச்சு.

1999ல நான் திருச்சில காலேஜ். ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு, 269க்கு 270. கவுத்தது அ.தி.மு.க. வெளிய வந்தது. அடுத்த தேர்தல்லயே தி.மு.க. பா.ஜ.க.வோட கூட்டு. நான் லீவுக்கு வந்து அப்பாவ பிடிபிடின்னு பிடிச்சேன், சுவர் சுவரா எழுதின கொள்கையெல்லாம் எங்கப்பா போச்சுன்னு கேட்டேன், அவரு நிலையான ஆட்சி அது இதுன்னு சொன்னாரு, நான் விடல, கடைசில கத்தரிக்கோல டேபிள் மேல டொக்குனு வச்சுட்டு வெளிய போயி நின்னாரு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பார்த்தா நோட்டுல அந்தக் கூட்டணிய திட்டி வந்த ஒரு கட்டுரைய வெட்டி ஒட்டி வச்சிருக்காரு, பக்கத்துல பென்சில்ல சின்னதா "பாப்பா சொன்னது" அப்படின்னு. அவரு மாறல, அந்தத் தடவையும் சூரியனுக்குத்தான் போட்டாரு. நான் யாருக்குப் போட்டேன்னு கேக்கவும் இல்லை, கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட கேக்கல.

அதனாலதான் சொல்றேன், உங்க அப்பா பெட்டில எதிர்க்கட்சி கட்டிங் இருக்கான்னு தேடிப் பாருங்க. தோத்த தேர்தலை எழுதி வச்சிருக்காரான்னு பாருங்க. இருந்துச்சுன்னா அவரு உங்களுக்காகவே வச்சுட்டுப் போன மாதிரி எடுத்துக்கலாம், கட்சிய விட்டா அவரு கோச்சுக்க மாட்டாரு. இல்லாட்டியும் பரவால்ல, எதை எல்லாம் வெட்டாம விட்டாருங்கிறதே படிக்க வேண்டிய விஷயம், அந்தத் தேதிக்கு வேற பேப்பரை எடுத்துப் பக்கத்துல வச்சுப் படிங்க.

பெட்டிய எப்படி வச்சுக்கிறதுன்னா, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாத்தையும் முதல்ல உருவிடுங்க, துரு பேப்பர தின்னுடும். கிழிஞ்சத செல்லோடேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல அந்த இடம் மட்டும் காவி கலர்ல பிசுபிசுன்னு ஆயிடும். பேப்பர் தாளு தானாவே மஞ்சளாகி நொறுங்கும், வெயில் படாத இடத்துல மடிக்காம வைங்க, அதுக்கு முன்னாடி போன்ல ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து எந்தப் பேப்பர், என்ன தேதின்னு பேர் போட்டு வைங்க. கட்டிங்ல தேதி இல்லாட்டி பின்பக்கம் திருப்பிப் பாருங்க, சினிமா விளம்பரம் இருந்தா வருஷம் சிக்கிடும். தேர்தல் நோட்டீஸ்னா அடியில பொடி எழுத்துல அச்சகம் பேரு, வெளியிட்டவர் பேரு இருக்கும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவுப்படி போட்டே ஆகணும், அதை வச்சு எந்த ஊரு, யாரு செலவுன்னு பிடிச்சுடலாம். நிறைய சேர்ந்து இருந்துச்சுன்னா சென்னைல ரோஜா முத்தையா நூலகத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, இந்த மாதிரி துண்டு நோட்டீஸ், பழைய பத்திரிகை எல்லாத்தையும் மதிக்கிற இடம் அது. உங்க அப்பா காலத்துப் பத்திரிகை படிக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம் இருக்கு, வீட்டுலேருந்தே பார்க்கலாம்.

ஆர்வத்தை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னா, டிவி விவாதத்துலேருந்து மட்டும் வேணாம். உங்க தொகுதியிலேருந்து ஆரம்பிங்க. தேர்தல் கமிஷன் வெப்சைட்ல 1951-52லேருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர ரிப்போர்ட் இருக்கு, யாரு நின்னா, எவ்வளவு வாங்கினா எல்லாம். ஒரு நோட்டு போட்டு உங்க தொகுதிய மட்டும் எழுதுங்க. எல்லை மாறியிருக்கும் ஜாக்கிரதை, 1967, 1977, 2011 தேர்தலுக்கு முன்னாடியெல்லாம் தொகுதிய வெட்டி ஒட்டியிருக்காங்க, எங்க மருங்காபுரி மாதிரி தொகுதியே காணாமப் போயிருக்கும், அப்ப பழைய ஓட்டையும் புது ஓட்டையும் சும்மா பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தப்பா வரும். அப்புறம் படிவம் 20னு ஒண்ணு, பூத் வாரியா யாருக்கு எவ்வளவு விழுந்துச்சுன்னு இருக்கும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல கிடைக்கும். அதுல உங்க தெரு பூத்த பாருங்க. டிவில சொல்ற சாதிக்கணக்கு, அலை கணக்கு எல்லாம் உங்க தெருவுல எவ்வளவு பொய்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும், சில சமயம் எவ்வளவு உண்மைன்னு பார்த்தா அதைவிட ஆச்சரியமா இருக்கும். பூத் நம்பர் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், நம்பரை நம்பாதீங்க, பள்ளிக்கூடம் பேர வச்சுப் பாருங்க.

முடிஞ்சா ஒரு நாள் பூத்துக்குள்ள முழுசா இருந்து பாருங்க, கட்சி ஏஜென்டாவோ டூட்டிலயோ. நான் அரசு ஊழியர், எந்தக் கட்சியிலயும் இருக்கக் கூடாது. அப்பா நாலஞ்சு தேர்தல்ல ஏஜென்ட் பெஞ்ச்ல உக்காந்தவரு, நான் அதுக்கு எதிர்ல ஆபீசர் மேஜையில. காலையில அஞ்சரைக்கு மாதிரி ஓட்டு, ஏஜென்டுங்க முன்னாடி அம்பது ஓட்டாவது போட்டுக் காட்டி, எண்ணி, அழிச்சு, விவிபேட் சீட்டையெல்லாம், அதாவது ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு காட்டுற சீட்டையெல்லாம் எடுத்து கறுப்புக் கவர்ல சீல் வச்சு, ஏழு மணிக்கு ஆரம்பிக்கணும். இந்த ஓட்டர் அவரு இல்லைன்னு ஏஜென்ட் ஆட்சேபிச்சா 2 ரூபாய் கட்டணும், இன்னிக்கும் ரெண்டே ரூபாய்தான்.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல், நான் பிரிசைடிங் ஆபீசர், பூத்துக்குப் பொறுப்பு. பூத் எதுன்னு வேணாம், ஒரு கிராமத்து தொடக்கப்பள்ளி. சாயங்காலம் மிஷின்ல குளோஸ் அழுத்தி மொத்தத்தை 17-சி படிவத்துல எழுதி ஏஜென்டுங்களுக்குக் காப்பி கொடுக்கணும். சின்னப் பசங்களா இருந்தவங்க கையெழுத்து போட்டுட்டு "மேடம் நாங்க கெளம்புறோம்"னு நிக்கிறாங்க, இருங்கப்பா, பின்னாடி எண்ணிக்கையில இதைத்தான் கேப்பாங்கன்னு உக்கார வச்சேன். ஒரு பெரியவர் மட்டும் நகரல. மடியிலேருந்து ஒரு அரைக்குயர் நோட்ட எடுத்தாரு, பூரா அஞ்சு அஞ்சு கோடா போட்டு வச்சிருக்காரு. "எனக்கு 641 வருது, நீங்க 642 போட்டுருக்கீங்களேம்மா"ன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் வயித்துல புளி. வாக்காளர் பதிவேட்ட எடுத்து கடைசி வரிசை எண்ணை காட்டினேன், 642. மிஷினும் 642. அவரு கண்ணை மூடி யோசிச்சாரு, அப்புறம் "மூணு மணிக்கு ஒண்ணுக்குப் போனேன், அப்ப ஒருத்தர் வந்துருப்பாரு"ன்னு சொல்லிட்டு ஒரு கோடு சேர்த்துப் போட்டுக்கிட்டாரு. எந்தக் கட்சி ஏஜென்டுன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லைங்க.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட சொன்னேன். யாருக்கு எவ்வளவு விழுந்திருக்கும்னு கேக்கவே இல்லை, "மூணு மணிக்கு எதுக்கு வெளிய போனான், பாட்டில் தண்ணிய கம்மியா குடிச்சிருக்கணும்"னாரு. அனுபவம் பேசுது.

2021 ஜனவரில அப்பா போயிட்டாரு. ஏப்ரல் 6 தேர்தல். டூட்டி முடிச்சு, கொரோனால வீட்டுக்குள்ளயே கிடந்த நாள்ல அளவு நோட்ட எடுத்தேன். 2021னு தலைப்பு எழுதி, ஸ்கேல் வச்சுக் கட்டம் போட்டு, கட்சிப் பேரெல்லாம் வரிசையா எழுதி, காலியா வச்சுட்டுப் போயிருக்காரு. மே 2ஆம் தேதி போன பார்த்துப் பார்த்து நான் நிரப்பினேன். தி.மு.க. 133, அ.தி.மு.க. 66. குறைஞ்ச வித்தியாசம்னு அவரு எப்பவும் ஓரத்துல ஒரு கட்டம் விடுவாரு, அதுல தியாகராய நகர்னு எழுதி 137 ஓட்டுன்னு போட்டேன். போட்டுட்டு நோட்டோட முதல் வரிக்குத் திருப்பினேன். 1967, தி.மு.க., 137.

ரெண்டு 137க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பா இருந்திருந்தா ஏதாவது ஒரு சம்பந்தம் கண்டுபிடிச்சு, யாரு கழுத்துலயாவது டேப்ப போட்டு நிக்க வச்சு, ரெண்டு நிமிஷம் சொல்லியிருப்பாரு.